மறதிக்கு ஒரு டைம்டேபிள்: இங்கிலீஷ் படித்த ஒரு போலந்து மாணவனின் கதை

(எபிசோடின் எழுத்து வடிவம் இது. படிக்க வசதியாகச் சில இடங்களில் மட்டும் திருத்தியிருக்கிறோம்.)



போன மாசம் நம்ம பாட்காஸ்ட் கேட்கிற ஒரு தம்பி மெயில் அனுப்பியிருந்தான். பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம், இப்போ இன்ஜினியரிங் ரெண்டாம் வருஷம். அவன் கேட்டது இதுதான்: “அண்ணா, தினமும் பத்து இங்கிலீஷ் வார்த்தை நோட்டுல எழுதிப் படிக்கிறேன். மூணு மாசம் ஆச்சு. நேத்து முதல் பக்கத்துல இருந்து புரட்டிப் பார்த்தேன். பாதிக்கு மேல ஞாபகமே இல்லை. எனக்கு இங்கிலீஷ் வராதுன்னு விட்டுடலாமா?”

கடைசி வரியைப் படிச்சதும் எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. அதே நோட்டு என்கிட்டயும் இருந்தது. காலேஜ் முதல் வருஷம், இங்கிலீஷ் பேப்பரைப் பார்த்து வார்த்தைகளை எழுதி, பக்கத்தில் தமிழ் அர்த்தம் போட்டு, ராத்திரி திரும்பத் திரும்பப் படிப்பேன். ரெண்டு மாசத்தில் நின்றுபோனது. அப்புறம் ஃபைனல் இயரில் ஒரு கம்பெனியின் குரூப் டிஸ்கஷன். பன்னிரண்டு பேர் வட்டமா உட்கார்ந்திருக்கோம். சொல்ல வேண்டிய விஷயம் தமிழில் தெளிவாக மனசில் இருக்கு. அதுக்கான இங்கிலீஷ் வார்த்தையை நான் நோட்டில் எழுதினதும் ஞாபகம் இருக்கு, அது இடது பக்கத்தில் இருந்ததுகூட ஞாபகம் இருக்கு. வார்த்தை மட்டும் வரல. அது வந்து சேர்ந்தபோது பேச்சு வேற எங்கேயோ போயிடுச்சு. அன்னைக்கு ராத்திரி ஹாஸ்டல் மொட்டை மாடியில் உட்கார்ந்து நான் எடுத்த முடிவு: நமக்கு ஞாபக சக்தி கம்மி, அவ்ளோதான்.

அந்த முடிவு தப்பு. ஏன் தப்புன்னு சொல்ல இன்னைக்கு ஒரு வரலாறு. இதில் நாயகன் ஒரு காலேஜ் மாணவன். அவனுக்கும் தாய்மொழி இங்கிலீஷ் இல்லை. அவன்கிட்டயும் ஒரு நோட்டு இருந்தது.

போஸ்னான், 1982

போலந்து நாட்டின் மேற்கே போஸ்னான் என்று ஒரு ஊர். 1980களின் தொடக்கத்தில் அங்கே கம்யூனிஸ்ட் ஆட்சி. 1981 டிசம்பர் 13ஆம் தேதி ராணுவச் சட்டம் வந்தது, 1983 ஜூலை வரை நீடித்தது. பள்ளியில் எல்லாரும் கட்டாயமாகப் படிக்க வேண்டிய வெளிநாட்டு மொழி ரஷ்யன். ஆனால் அறிவியல் படிக்கிறவனுக்குத் தேவையான ஆய்வுக் கட்டுரைகளோ பெரும்பாலும் இங்கிலீஷில். நமக்குப் பழக்கமான சிக்கல்தான், இல்லையா? உலகம் ஒரு மொழியில் எழுதிக்கொண்டிருக்கிறது, நாம் வேறொரு மொழியில் வளர்ந்திருக்கிறோம்.

அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் மூலக்கூறு உயிரியல் படித்துக்கொண்டிருந்த மாணவர் பியோட்டர் வோஸ்னியாக். 1962இல் பிறந்தவர். படிக்கிற எதையும் கேள்வி, பதில் என்ற வடிவத்தில் எழுதி வைப்பது அவர் பழக்கம். ஒரு பக்கம் இங்கிலீஷ் வார்த்தை, எதிரே போலிஷ் அர்த்தம். ஒரு பக்கத்தைக் கையால் மூடிக்கொண்டு தன்னைத்தானே கேட்டுக்கொள்வார். 1984 வாக்கில் அவரிடம் சுமார் 3,000 இங்கிலீஷ் வார்த்தைகளும் 1,400 உயிரியல் குறிப்புகளும் சேர்ந்திருந்தன.

சேரச் சேரத்தான் பிரச்சினையும் வளர்ந்தது. புது வார்த்தைகள் உள்ளே வர, பழையவை வெளியே போய்க்கொண்டே இருந்தன. பழையதைக் காப்பாற்ற ரிவிஷன் வேண்டும். நோட்டு பெருக்கப் பெருக்க ரிவிஷனுக்கான நேரமும் பெருகும்.

இதை நம்ம தம்பியின் நோட்டை வைத்தே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தினமும் பத்து வார்த்தை என்றால் ஒரு வருஷத்தில் 3,650. ஒரு வார்த்தையை நினைவுபடுத்திப் பார்க்க 6 விநாடி என்று வைத்தால், மொத்த நோட்டையும் ஒரு தடவை ஓட்ட 6 மணி நேரம். தினமும் அதைச் செய்ய யாரால் முடியும்? ஆக, கொஞ்ச நாளில் நோட்டு மூலைக்குப் போகிறது. அது சோம்பேறித்தனம் இல்லைங்க. கணக்கு அப்படி. எந்த சிஸ்டத்தில் லோடு இந்த மாதிரி ஏறிக்கொண்டே போனாலும் ஒருநாள் அது படுத்துவிடும்.

வோஸ்னியாக் இந்த இடத்தில்தான் நம்மிடமிருந்து பிரிகிறார். “எனக்கு மூளை இல்லை” என்ற முடிவுக்கு அவர் போகவில்லை. மறதியை அளந்து பார்க்கலாமே என்று உட்கார்ந்தார்.

அளந்து பார்த்த முதல் ஆள்

அப்படி அளந்தவர் அவர் மட்டும் இல்லை. சரியாக நூறு வருஷத்துக்கு முன்னால், 1885இல், ஹெர்மன் எப்பிங்ஹவுஸ் என்ற ஜெர்மன் உளவியலாளர் நினைவாற்றல் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். ஆராய்ச்சி செய்தவர் அவர், ஆராய்ச்சிக்கு உட்பட்டவரும் அவர் ஒருவரே. அர்த்தமே இல்லாத சுமார் 2,300 அசைகளை உருவாக்கி, அவற்றைப் பட்டியல் பட்டியலாக மனப்பாடம் செய்தார். கொஞ்ச நேரம் விட்டு, அதே பட்டியலைத் திரும்பப் படிக்க எவ்வளவு உழைப்பு மிச்சமாகிறது என்று குறித்துக்கொண்டார்.

20 நிமிடம் கழித்துப் படித்தால் 58 சதவீத உழைப்பு மிச்சம். ஒரு நாள் கழித்து சுமார் 34. ஆனால் 31 நாள் கழித்தும் 21 சதவீதம் மிச்சமானது. அதாவது முதல் நாளிலேயே பெரும்பகுதி சரிந்துவிடுகிறது, அதற்குப் பிறகு சரிவு மெதுவாகிறது. அந்த 21ஐ ஞாபகம் வச்சுக்கங்க, கடைசியில் தேவைப்படும்.

அவர் இன்னொன்றும் கண்டுபிடித்தார். 12 அசை கொண்ட ஒரு பட்டியல். ஒரே நாளில் தொடர்ச்சியாக 68 தடவை படித்ததால் கிடைத்த பலன், மூன்று நாட்களுக்குப் பிரித்துப் படித்தபோது 38 தடவையிலேயே கிடைத்தது. கிட்டத்தட்ட பாதி உழைப்பு!

அடுத்தடுத்து இந்த நூலைப் பிடித்துக்கொண்டு பலர் வந்தார்கள். 1939இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் 3,605 பேரை வைத்து ஸ்பிட்சர் என்பவர் ஓர் ஆய்வு செய்தார். ஒரு கட்டுரையைப் படித்ததும் உடனே டெஸ்ட் எழுதிய பிள்ளைகள், எழுதாதவர்களைவிட அதை அதிக நாள் நினைவில் வைத்திருந்தார்கள். டெஸ்ட் என்பது மார்க் போட மட்டும் இல்லை, அதை எழுதுவதே ஒரு படிப்பு என்று ஆனது.

1967இல் பால் பிம்ஸ்லர் என்ற அமெரிக்க மொழியியலாளர், ஒரு புது வார்த்தையை எப்போதெல்லாம் திரும்பக் கேட்க வேண்டும் என்று ஓர் அட்டவணை போட்டார். 5 விநாடி, 25 விநாடி, 2 நிமிடம், 10 நிமிடம், 1 மணி நேரம், 5 மணி நேரம், 1 நாள், 5 நாள், 25 நாள் என்று அது 2 வருடம் வரை விரிகிறது. 1972இல் செபாஸ்டியன் லைட்னர் என்ற ஜெர்மன் பத்திரிகையாளர் இதையே ஓர் அட்டைப்பெட்டிக்குள் கொண்டுவந்தார். பெட்டிக்குள் அறை அறையாகத் தடுப்பு. சரியாகச் சொன்ன கார்டு அடுத்த அறைக்குப் போகும். தப்பாகச் சொன்னால் மறுபடி முதல் அறை. முதல் அறையை அடிக்கடி பார்க்க வேண்டும், கடைசி அறையை எப்போதாவது பார்த்தால் போதும்.

40 வார்த்தை, ஒரு பக்கம்

இப்போ மறுபடி போஸ்னானுக்குப் போவோம். 1985 ஜனவரி கடைசியில் வோஸ்னியாக் தன் சோதனையைத் தொடங்கினார். ஒரு பக்கத்துக்கு 40 வார்த்தை ஜோடி, இங்கிலீஷும் போலிஷும். சில பக்கங்களைக் குறைந்த இடைவெளியிலும் சிலவற்றை அதிக இடைவெளியிலும் பார்த்து, எத்தனை மறந்தது என்று எண்ணினார். அவர் தேடியது ஒரே ஒரு விஷயம்: 100க்கு 5 வார்த்தைக்கு மேல் மறக்காமல், எவ்வளவு தூரம் ரிவிஷனைத் தள்ளிப்போடலாம்?

ஆகஸ்ட் மாதம் சோதனை முடிந்தது. கிடைத்த இடைவெளிகள்: 1 நாள், பிறகு 7 நாள், பிறகு 16 நாள், பிறகு 35 நாள். அதற்கு மேல் ஒவ்வொரு தடவையும் இரட்டிப்பாக்கிக்கொள்ளலாம் என்று வைத்துக்கொண்டார்.

இந்த நாலு எண்ணையும் சாதாரணமா கடந்து போயிடாதீங்க. இதன்படி, இன்று படித்த வார்த்தையை நாளை பார்க்க வேண்டும். பிறகு 8ஆம் நாள், 24ஆம் நாள், 59ஆம் நாள். இரட்டித்தால் 129, பிறகு 269. ஒரு வருஷத்தில் மொத்தம் ஆறே தடவை! தினமும் பத்து புது வார்த்தை சேர்த்தால், வருஷக் கடைசியிலும் ஒரு நாளைக்குப் பார்க்க வேண்டியவை ஏறத்தாழ 60. நம்ம 6 விநாடிக் கணக்குப்படி 6 நிமிடம். மறந்ததைத் திரும்பப் பார்ப்பதையும் சேர்த்தால் பத்து நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மணி நேரம் எங்கே, பத்து நிமிடம் எங்கே?

கொஞ்ச நாள் பேப்பரிலேயே அவர் இதைச் செய்தார். பிறகு போஸ்னானிலேயே தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தார். 1987இல் கையில் ஒரு பர்சனல் கம்ப்யூட்டர் வந்ததும் டர்போ பாஸ்கலில் ஒரு புரோகிராம் எழுதினார். அதே வருஷம் டிசம்பர் 13ஆம் தேதி அதில் படிக்க ஆரம்பித்தார். அதன் பெயர் சூப்பர்மெமோ.

பேப்பரில் முடியாத ஒன்றைக் கம்ப்யூட்டர் செய்தது. பேப்பரில் ஒரு பக்கம் முழுக்க ஒரே தேதிதான். புரோகிராமில் ஒவ்வொரு வார்த்தைக்கும் தனித் தேதி. பதில் சொன்ன பிறகு, எவ்வளவு சுலபமாக வந்தது என்று 0 முதல் 5 வரை நாமே மார்க் போட வேண்டும். சுலபமான வார்த்தை தூரம் தள்ளிப்போகும், படுத்துகிற வார்த்தை சீக்கிரம் திரும்பி வரும். முதல் இடைவெளி 1 நாள், இரண்டாவது 6 நாள், அதன் பிறகு முந்தைய இடைவெளியைச் சுமார் 2.5ஆல் பெருக்கு. ஆறை இரண்டரையால் பெருக்கினால் 15, அதையும் பெருக்கினால் 38. பேப்பரில் கண்டுபிடித்த 16க்கும் 35க்கும் எவ்வளவு பக்கத்தில் இருக்கு பாருங்க.

முதல் வருஷத்தில் இந்த முறையில் 10,255 குறிப்புகளை, தினம் சராசரி 41 நிமிடத்தில் படித்ததாக அவரே கணக்கு எழுதி வைத்திருக்கிறார்.

1991இல் நண்பரோடு சேர்ந்து அதை ஒரு நிறுவனமாக்கினார். போலந்தில் அதற்குள் ஆட்சியும் மாறியிருந்தது. பள்ளிகளில் ரஷ்யன் கட்டாயம் என்பது போய், ஊரே இங்கிலீஷ் கற்க ஓடிய காலம் அது. அந்த ஆரம்ப காலக் கணக்கீட்டு முறையை அவர் பூட்டி வைக்கவில்லை, விவரமாக எழுதி வெளியிட்டார். ஜப்பானிய மொழி படித்துக்கொண்டிருந்த ஆஸ்திரேலியர் டேமியன் எல்ம்ஸ் அதை அடிப்படையாக வைத்து 2006இல் ஒரு செயலி வெளியிட்டார். அதுதான் ஆங்கி. இன்றைக்கு உலகம் முழுக்க மெடிக்கல் மாணவர்கள் முதல் மொழி படிப்பவர்கள் வரை பயன்படுத்துகிற ஆங்கியின் வேர், ஒரு போலந்து மாணவனின் இங்கிலீஷ் நோட்டில் இருக்கிறது.

அப்போ நமக்கு ஏன் யாரும் சொல்லல?

நியாயமான கேள்வி. 1885இல் தெரிந்த விஷயம், எனக்கு ஏன் காலேஜில்கூட வந்து சேரவில்லை?

2006இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் செய்த ஒரு சோதனையில் இதற்கான பதில் இருப்பதாக நான் நினைக்கிறேன். ஒரு குழு ஒரு பத்தியை இரண்டு தடவை படித்தது. இன்னொரு குழு ஒரு தடவை படித்துவிட்டு, மூடி வைத்து ஞாபகம் வந்ததை எழுதியது. 5 நிமிடம் கழித்துப் பார்த்தால், இரண்டு தடவை படித்தவர்களுக்கு 81 சதவீதம், எழுதிப் பார்த்தவர்களுக்கு 75. படித்தவர்கள் முன்னிலை! ஆனால் ஒரு வாரம் கழித்து அது 42க்கு 56 என்று தலைகீழானது.

நாம் எப்போதும் அந்த ஐந்து நிமிடத்தை வைத்துத்தான் நம்மை எடை போடுகிறோம். திரும்பத் திரும்பப் படிக்கும்போது வரி பழகிவிடுகிறது, தெரிந்துவிட்ட மாதிரி இருக்கிறது. மூடி வைத்துக் கேட்டுக்கொண்டால் திணறுகிறோம், தெரியாத மாதிரி இருக்கிறது. எந்த முறை நல்ல உணர்வைத் தருகிறதோ அதைப் பிடித்துக்கொள்கிறோம். நாளைக்குப் பரீட்சை என்றால் அது போதும்தான். நாம் எழுதிய பரீட்சைகள் பெரும்பாலும் நாளைக்கு நடப்பவை. ஆனால் குரூப் டிஸ்கஷன் நாளைக்கு இல்லை, மூணு வருஷம் கழிச்சு.

அதே இரண்டு பேர் 2008இல் ஸ்வாஹிலி வார்த்தைகளையும் அவற்றின் இங்கிலீஷ் அர்த்தங்களையும் வைத்து இன்னொரு சோதனை செய்தார்கள். அதிலும் 40 ஜோடி. ஒரு தடவை சரியாகச் சொன்ன பிறகும் தொடர்ந்து கேள்வி கேட்கப்பட்டவர்கள், ஒரு வாரம் கழித்து 80 சதவீதம் சொன்னார்கள். “இதுதான் தெரிஞ்சிடுச்சே” என்று கேள்வி கேட்பதை நிறுத்திய குழுக்கள் 35 சதவீதத்தை ஒட்டியே நின்றன. என் நோட்டில் நான் டிக் அடித்துத் தாண்டிப்போன வார்த்தைகள் எல்லாம் எங்கே போயின என்று எனக்கு இப்போதுதான் புரிகிறது.

வார்த்தை மட்டும் போதுமா?

போதாது. ஐயாயிரம் கார்டு வைத்திருந்தும் ஒரு மெயில் எழுதத் தயங்குகிறவர்கள் உண்டு. வோஸ்னியாக்கே இதைப் பார்த்துவிட்டு, 1999இல் குறிப்புகளை எப்படி எழுத வேண்டும் என்று 20 விதிகளை வெளியிட்டார். அதில் முதல் விதியே, புரியாததை மனப்பாடம் செய்யாதே என்பதுதான். ஒரு கார்டில் ஒரே ஒரு சின்ன விஷயம் இருக்கட்டும் என்பது இன்னொன்று. ஒரு வாக்கியத்தில் ஓர் இடத்தை மட்டும் காலியாக விட்டு, அதை நிரப்பச் சொல்லும் முறையையும் பரிந்துரைத்தார்.

வேலைக்குச் சேர்ந்த பிறகு நான் இப்படித்தான் மறுபடி ஆரம்பித்தேன். அகராதியிலிருந்து வார்த்தை எடுப்பதை விட்டுவிட்டேன். அன்றைக்கு மீட்டிங்கில் கேட்டது, மெயிலில் படித்தது, நானே தப்பாக எழுதியது, இவை மட்டும்தான் கார்டு. உதாரணத்துக்கு ஒன்று: ‘ஐ லுக் ஃபார்வர்ட் டு டேஷ் ஃப்ரம் யூ’. அந்த டேஷில் நான் ரெண்டு வருஷம் ‘ஹியர்’ என்றே எழுதிக்கொண்டிருந்தேன். அது ‘ஹியரிங்’. இன்னொரு கார்டு: ‘லெட்ஸ் டிஸ்கஸ் டேஷ் தி இஷ்யூ’. இதற்குப் பதில், டேஷில் எதுவும் வராது! ‘அபவுட்’ என்று கை தானாகப் போகும், அதைத் தடுக்கத்தான் கார்டு. பதிலை மனசுக்குள் சொல்லாமல் முழு வாக்கியமாக வாய்விட்டுச் சொல்வேன். ரூம்மேட் முதலில் சிரிச்சான், அப்புறம் பழகிட்டான்.

பேசுவது பேசினால்தான் வரும், படிப்பது படித்தால்தான் வரும். கார்டு அந்த வேலையைச் செய்யாது. படித்ததும் கேட்டதும் ஒழுகிப் போகாமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். ஆனால் தண்ணீர் தூக்குகிறவனுக்குக் குடம் ஒழுகாமல் இருப்பது சின்ன விஷயமா?

தம்பிக்கு

இப்போ அந்த மெயிலுக்குப் பதில்.

தம்பி, மூணு மாசம் கழிச்சு பாதி வார்த்தை மறந்துபோச்சுன்னு எழுதியிருக்க. அப்போ மீதி இருக்கு இல்ல? திட்டமே இல்லாமல் படிச்சே அவ்வளவு தங்கியிருக்கு. மறந்ததும் முழுசா போயிடல. எப்பிங்ஹவுஸின் 21 சதவீதம் ஞாபகம் இருக்கா? அர்த்தமே இல்லாத அசைகளுக்கே ஒரு மாசம் கழிச்சு அவ்வளவு உழைப்பு மிச்சமாச்சு. உன் நோட்டில் இருப்பது அர்த்தமுள்ள வார்த்தைகள். இரண்டாவது தடவை சீக்கிரம் வரும்.

நோட்டைத் தூக்கிப் போடாதே. முதல் பக்கத்தை எடு, அர்த்தம் இருக்கிற பக்கத்தைக் கையால மூடிக்கோ, ஒவ்வொரு வார்த்தையா கேட்டுப் பாரு. திணறினா பரவாயில்லை, அந்தத் திணறல்தான் வேலை செய்யுது. பக்கத்தின் மேலே நாலு தேதி எழுது: நாளைக்கு, அதிலிருந்து 7 நாள், அதிலிருந்து 16 நாள், அதிலிருந்து 35 நாள். தினமும் காலையில் அன்றைய தேதி போட்ட பக்கங்களை மட்டும் பாரு. ஒரு வார்த்தை மூணு தடவை மறந்தா அதைத் திட்டாதே, அது வருகிற ஒரு வாக்கியத்தோட சேர்த்து மாத்தி எழுது. ஆப் வேணும்னா ஆங்கி இருக்கு, கம்ப்யூட்டரிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம். இல்லைன்னா நோட்டும் பேனாவுமே போதும், 1985இல் அது நோட்டில்தான் ஆரம்பிச்சது.

59 நாள் கழிச்சு எனக்கு இன்னொரு மெயில் போடு. இந்தத் தடவை இங்கிலீஷ்ல. தப்பு இருந்தாலும் பரவாயில்லை, நான் எண்ண மாட்டேன். எண்ணணும்னா நீயே எண்ணிக்கோ.

சரி மக்களே, அடுத்த எபிசோடில் பார்ப்போம். இந்த எபிசோடில் சொன்ன அந்த நாலு எண்ணையும் பார்க்காமல் சொல்ல முடியுதான்னு இப்பவே ஒரு தடவை கேட்டுப் பாருங்க. நாளைக்கு இன்னொரு தடவை.